வராந்தா பெஞ்சில் மூன்று சனிக்கிழமைகள்

நூல்கண்டு சாரின் பத்து விரல்களும் சிக்கெடுத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசைமேல் சிவப்புக் கம்பளி நூல் குருவிக்கூடு மாதிரி குவிந்து கிடந்தது. முந்தின நாள் பயிற்சியில் பன்னிரண்டு இளைஞர்கள் வட்டமாக நின்று, நூல்கண்டை ஒருவரை நோக்கி ஒருவர் எறிந்து, எறியும்போதே தங்கள் கனவை ஒரு வரியில் சொல்லி, ‘நம்பிக்கை வலை’ பின்னியிருந்தார்கள். பின்ன அவர்களுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிரிக்க இவருக்கு ஒரு முழு ஞாயிறு ஆகும். பதினான்கு வருஷமாக இதுதான் நடைமுறை.

“கத்தரிக்கோல் தரவா?” என்றார் மனைவி. அவர் பக்கத்தில் நின்று வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“வெட்டினா வலை அறுந்துடும். இதுல ஒரு தத்துவம் இருக்கு.”

“இருக்கட்டும். மேசையைத் துடைக்கணும். தத்துவத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க.”

நூல்கண்டு சார் என்ற பெயர் அவருக்குப் பிள்ளைகள் வைத்தது. இளைஞர் மையத்தில் ‘முன்னே நட’ என்ற தலைமைப் பயிற்சியை அவர் நடத்திவந்தார். பழைய மாணவர்கள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் மரியாதையாக நின்று, “சார், நீங்க நூல்கண்டு சார்தானே?” என்பார்கள். பயிற்சியில் வேறென்ன ஞாபகம் இருக்கிறது என்று ஒருமுறை ஒருவனிடம் கேட்டுப் பார்த்தார். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, “மதியம் நல்லா தூக்கம் வரும் சார்” என்றான். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்பதில்லை.

இருபத்தாறு வயது வரை அவர் மின்விசிறிக் கடையில் விற்பனையாளர். கடை முதலாளி ஒரு தடவை அவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே மேடையில் ஒருவர் சட்டையில் மைக் குத்திக்கொண்டு, கையை வீசி வீசி நடந்து, ஒரு மின்விசிறிகூட விற்காமல் சாயங்காலம் வரை பேசினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இனி வாழ்ந்தால் இப்படித்தான் வாழ வேண்டும் என்று நம்முடைய ஆள் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவரிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று: எதையும் அடுத்தவர் கையில் விட மாட்டார். நாற்காலியை அவர்தான் போடுவார், ஏனென்றால் பிள்ளைகள் போட்டால் வட்டம் கோணும். கரும்பலகையில் அவர்தான் எழுதுவார், ஏனென்றால் அவர்கள் எழுத்து சரியில்லை. ‘சுயமாகச் சிந்திப்பது எப்படி’ என்ற வகுப்பின் முடிவில் பிள்ளைகள் மனத்தில் தோன்றியதைப் பேச வேண்டும். அந்தப் பேச்சை முந்தின நாளே அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். கைபேசியில் பயிற்சித் தொகுதிக்கென்று ஒரு குழு வைத்திருந்தார். அதில் நிர்வாகி மட்டும்தான் எழுத முடியும். நிர்வாகி அவர். காலையில் ஒரு பொன்மொழி, சாயங்காலம் ஒரு நினைவூட்டல். பிள்ளைகள் அதற்குக் கட்டைவிரல் காட்டலாம். அதற்கு மேல் அவர்களுக்கு அங்கே வாய் கிடையாது.

இந்தத் தொகுதி முப்பது பேரோடு தொடங்கி, ஐந்தாம் வாரத்தில் பன்னிரண்டாகச் சுருங்கியிருந்தது. அறிக்கையில் அதற்குத் ‘தேர்ந்தெடுத்த சிறு குழு’ என்று பெயர்.

இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பார். அதற்குள் வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்துவிட்டது. பயிற்சிக்கு நிதி கொடுக்கும் அமைப்பு எழுதியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எண்ணி நாலாவது சனிக்கிழமை மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார்; அன்று இளைஞர்கள் தாங்களாகவே திட்டமிட்டு, தாங்களாகவே நடத்தும் ஒரு பொதுச்சேவை நிகழ்ச்சியை அவர் பார்க்க வேண்டும்; பார்த்துத் திருப்தி இல்லையென்றால் ‘முன்னே நட’ இந்த வருஷத்தோடு நின்றுவிடும். நூல்கண்டு சாருக்கு நாற்பது வயது. மின்விசிறிக் கடைக்காரர் அவரை மறந்தே போயிருப்பார்.

கடிதம் கிடைத்த அன்றே அவர் உட்கார்ந்து இளைஞர்கள் தாங்களாகவே திட்டமிட்ட நிகழ்ச்சியைத் திட்டமிட்டு முடித்தார். பதினோரு பக்கம். முதியோர் காப்பகத்திலிருந்து பன்னிரண்டு பேரை ஆற்றங்கரைப் பூங்காவுக்கு அழைத்துப் போவது. வரவேற்புரை, நோக்கவுரை, பாட்டு, நன்றியுரை, கருத்துப் படிவம். பிள்ளைகளுக்குப் பொறுப்பும் பகிர்ந்திருந்தார். தலைமைப் பயிற்சி அல்லவா, யாரையும் வெறும் உறுப்பினர் என்று போட முடியாது. ஆகவே வரவேற்புக் குழுத் தலைவர், மேடைக் குழுத் தலைவர், பேனர் குழுத் தலைவர், புகைப்படக் குழுத் தலைவர், ஊக்கக் குழுத் தலைவர் என்று பன்னிரண்டு குழு, பன்னிரண்டு தலைவர். எந்தக் குழுவிலும் இரண்டாவது ஆள் கிடையாது.

சிக்கு பாதி பிரிந்திருந்த நேரத்தில் அவர் அந்தப் பதினோரு பக்கத்தை மனைவியிடம் நீட்டினார். காரணம் இருந்தது. காப்பகத்தின் மேல்மாடி வார்டுக்கு அவர் மனைவிதான் பொறுப்பு. அங்கே எல்லாருக்கும் அவர் சிஸ்டர். சிஸ்டர் கையெழுத்துப் போடாமல் அந்த வார்டிலிருந்து ஒரு சக்கர நாற்காலிகூட வெளியே உருளாது.

சிஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்தார். நல்ல வேகமாகப் படித்தார்.

“நாற்காலி தள்றது யாரு?”

“போக்குவரத்துக் குழுத் தலைவர் ஒருங்கிணைப்பார்.”

“அவரு ஒருத்தரு. நாற்காலி பன்னெண்டு. சரி, ஒரு மணி மாத்திரை யாரு குடுப்பாங்க? துணி நனைஞ்சா யாரு மாத்துவாங்க?”

“இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். நான் பெரிய அளவுல யோசிச்சிருக்கேன்.”

“தெரியுது. நனையிறது சின்ன அளவுலதான் நனையும்.” காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். “என் வார்டுல ஒரு வழக்கம் இருக்கு. புதுசா வர்ற உதவியாளுங்களுக்கு நான் பாடம் எடுக்கிறதில்ல. மூணாம் நாள் கட்டில் நம்பர் குடுத்துடுவேன். அந்தக் கட்டில்ல இருக்கிறவரு சாப்பிட்டாரா, போனாரா, தூங்கினாரா, எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணுதான் பதில் சொல்லணும். உங்க பிள்ளைங்களுக்கும் அதான். ஆளுக்கு ஒரு நம்பர். மூணு சனிக்கிழமை, காலையில ஆறரைக்கு வரணும். மூணு தடவை ஊட்டி, கழுவி, பேச்சுக் கேட்டவங்கதான் ஒருத்தரை வெளிய கூட்டிட்டுப் போகலாம்.”

“மூணு சனிக்கிழமையா? ‘தொலைநோக்கு’, ‘குழு உணர்வு’, ‘மேடை அச்சம்’, மூணு வகுப்பு போயிடுமே.”

“அப்ப ஆட்கள் இல்லாம நடத்துங்க. வரவேற்புரை பூங்காவுல புறாங்களுக்கு ஆகட்டும்.”

அவர் ஒத்துக்கொண்டார். வேறு வழியில்லை. பதினோரு பக்கத்தின் கடைசியில் ‘களப் பயிற்சி’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை ஆறரைக்குப் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். குழுவில் அவர் ஐந்து நினைவூட்டல் போட்டிருந்தார். சிஸ்டர் வார்டு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் சொல்லி உள்ளே அனுப்பினார். கடைசியில் கழுத்தில் அட்டையும் கையில் குறிப்பேடுமாக நூல்கண்டு சார் நுழையப் போனார்.

“உங்களுக்கு எந்தக் கட்டில்?”

“எனக்குக் கட்டில் எதுக்கு? நான் இவங்களைக் கவனிக்க வந்திருக்கேன்.”

“கவனிக்கிறவங்க வராந்தாவுல உட்காரலாம். உள்ள கட்டில் நம்பர் இருக்கிறவங்க மட்டும்தான். பெஞ்ச் அங்க இருக்கு.”

வீட்டுக்காரர் என்ற உரிமையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் அதற்குள் கதவைச் சாத்திவிட்டார். அந்தக் கதவில் நெற்றி உயரத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. எழுந்து நின்றால் எட்டிப் பார்க்கலாம். உட்கார்ந்தால் சத்தம் மட்டும் கேட்கும்.

அன்று அவருக்குக் கேட்டதெல்லாம் அலங்கோலம்தான். மைக் என்ற பையன் இருந்தான். எந்தக் கூட்டத்திலும் மைக்கை ஒருமுறை பிடித்தால் விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர். அவனுக்கு நாலாம் நம்பர் கட்டில். அதில் இருந்தவர் நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மைக் வரவேற்புரைத் தொனியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

“தம்பி,” என்றது டிரைவரின் குரல், “எனக்கு ஒரு காதுதான் கேக்கும். நீ இந்தப் பக்கம் நின்னு பேசிட்டிருக்க. இவ்வளவு நேரம் பேசினதைத் திரும்பப் பேச வேண்டாம். தண்ணியை எடு.”

அந்தப் பையன் சுருக்கமாகப் பேசியதை நூல்கண்டு சார் முதல் தடவையாகக் கேட்டார். “இந்தாங்க” என்றான்.

இரண்டாவது சனிக்கிழமை மைக் ஒரு காரியம் செய்தான். டிரைவரை நாற்காலியில் உட்காரவைக்கும்போது, கால் வைக்கும் தட்டை மடக்க மறந்துவிட்டான். அதன் விளிம்பு கிழவரின் முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்குத் தோலை உரித்துவிட்டது. அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரிதான். தொட்டால் கழன்று வரும். உள்ளே சத்தம் கேட்டதும் நூல்கண்டு சார் பதறி எழுந்து கதவைத் தள்ளினார். இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவதுதானே பயிற்சியாளரின் வேலை.

“சிஸ்டர், பையன் தெரியாம பண்ணிட்டான். நான் அவர் வீட்டுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுடறேன்.” வேலையிடத்தில் அவரும் மனைவியைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

“நீங்க பண்ணீங்களா?”

“இல்ல.”

“அப்ப பெஞ்சுக்குப் போங்க.”

மைக்தான் காயத்தைக் கழுவினான். சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவனே கட்டும் போட்டான். பிறகு அவனே டிரைவரின் மகளுக்குப் போன் போட்டு, என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று சொன்னான். மறுமுனையில் அந்தப் பெண் அவனை ஏழெட்டு நிமிஷம் வறுத்தெடுத்தாள். போனை வைத்தபோது அவன் காது சிவந்திருந்தது. கட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும் என்றார் சிஸ்டர். மாற்றுவது யார் என்று அவன் கேட்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி அவனே வந்தான். குழுவில் எந்த நினைவூட்டலும் போகவில்லை.

மூன்றாவது சனிக்கிழமைக்குள் பதினொன்றாம் நம்பர் கட்டிலைப் பார்த்துவந்த பையன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுடைய கட்டிலை ஏழாம் நம்பர் பார்த்துக்கொண்டிருந்த பெண் தானாகவே சேர்த்து எடுத்துக்கொண்டாள். நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பெண் பயிற்சி வகுப்புகளில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். நூல்கண்டு சாரின் மதிப்பெண் பட்டியலில் அவளுக்கு நேரே ‘தலைமைப் பண்பு: வளர வேண்டும்’ என்று இருந்தது. அவளுக்கு அவர் பேனர் கொடுத்ததும் அதனால்தான். பேனருக்குப் பேச்சு வேண்டாம்.

அன்று அவர் பெஞ்சில் உட்கார்ந்து, மதிப்பீட்டாளர் முன்னால் பிள்ளைகள் சார்பில் பேசப்போகும் வரவேற்புரையை மெருகேற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நெட்டை ஏழாம் நம்பர் டீச்சரம்மாவிடம் மல்லுக்கட்டுவது கேட்டது.

“ஒரு வாய்தான் டீச்சர்.”

“வேண்டாம்மா.”

“காலையிலேர்ந்து நீங்க தண்ணியே குடிக்கல.”

“அடுத்த வாரம் பூங்காவுக்குப் போறோமே. இப்பலேர்ந்தே பழகிக்கிறேன்.”

“எதுக்குப் பழகணும்?”

டீச்சரம்மா குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். நூல்கண்டு சார் அதைக் காதில் வாங்கவில்லை. ‘வருக’ போதுமா, ‘வருக வருக’ வேண்டுமா என்ற குழப்பத்தில் இருந்தார்.

நாலாவது சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே அவர் பூங்காவில் நின்றார். பேனர் குழுத் தலைவர் பேனரைக் கோணலாகக் கட்டிவிடுவாள் என்று தானே இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினார். ‘இளைஞர்களால், இளைஞர்களின் முயற்சியால்’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. ஒலிபெருக்கி வந்தது. நாற்காலி வந்தது. ஒன்பதரைக்கு மதிப்பீட்டாளர் வந்தார். தோளில் துணிப்பையும் கையில் படிவமுமாக ஐம்பது வயதுப் பெண்மணி. அதிகம் சிரிக்காத முகம்.

“பிள்ளைங்க எங்க?”

“வந்துட்டே இருக்காங்க மேடம்.”

பத்து மணி ஆயிற்று. பூங்காவில் அவர், மதிப்பீட்டாளர், ஒலிபெருக்கிக்காரர், பேனர். ஆற்றங்கரையில் ஒருவர் நாயை நடத்திக்கொண்டு போனார். மதிப்பீட்டாளர் படிவத்தின் முதல் கட்டத்தில் என்னவோ எழுதினார். நூல்கண்டு சாருக்குப் பதினான்கு வருஷமும் இந்த ஒரு காலையில் காலி நாற்காலிகளாக எதிரே நிற்பது போல இருந்தது. தள்ளிப் போய் மைக்குக்குப் போன் போட்டார்.

“எங்கடா இருக்கீங்க?”

“நூலகத்துல சார். பின்பக்க முற்றத்துல. எல்லாரும் வந்தாச்சு.”

“பூங்கான்னுதானே திட்டம்?”

“மாத்திட்டோம் சார்.”

“மாத்திட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்லையா?”

“எங்க சார் சொல்றது?” பையன் உண்மையாகவே விளக்கினான். “குழுவுல நீங்க மட்டும்தான் எழுத முடியும். நேத்து மூணு தடவை போன் பண்ணேன். ‘கூட்டத்தில் இருக்கிறேன், குழுவில் பார்க்கவும்’னு தானா பதில் வந்துச்சு. குழுவுல பார்த்தோம். ‘தயக்கம் தோல்வியின் தாய்’னு போட்டிருந்தீங்க. சரின்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.”

முந்தின நாள் அவர் எந்தக் கூட்டத்திலும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று வரவேற்புரைக்குக் கை அசைவு பழகிக்கொண்டிருந்தார்.

நூலகம் நடந்து போனால் பத்து நிமிஷம். காப்பகத்துக்குப் பக்கத்துக் கட்டடம். மதிப்பீட்டாளர் வழியெல்லாம் கேள்வி கேட்டார். அவர் நிகழ்ச்சி ‘நெகிழ்வுத் தன்மையோடு’ வடிவமைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

முற்றத்தில் மேடை இல்லை. சுவர் நிழலில் பன்னிரண்டு முதியவர்கள். ஒரு மேசையில் தண்ணீர்க் குவளைகள், மாத்திரைப் பெட்டிகள், மாற்றுத்துணிப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு கட்டில் நம்பர். டிரைவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மைக்குக்கு அதைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். “கண்ணாடி இல்லன்னா கழுத்தைத் திருப்புடா. கழுத்து எதுக்கு வச்சிருக்க?” டீச்சரம்மா இரண்டாவது குவளைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் சிஸ்டர், கைகளைக் கட்டிக்கொண்டு, எதிலும் தலையிடாமல் நின்றார்.

வந்தவர்களை யாரும் வரவேற்கவில்லை. வரவேற்புக் குழுத் தலைவன் ஒருவருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தான்.

நூல்கண்டு சார் தொண்டையைச் செருமி, கையை உயர்த்தி, “வருக வருக” என்று ஆரம்பித்தார்.

“சார்,” என்றாள் நெட்டை. குரலில் கோபம் இல்லை. “இது மருந்து நேரம். நம்பர் மாறிடக் கூடாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நின்றார். உயர்த்திய கை இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மருந்து முடிந்ததும் மதிப்பீட்டாளர் நெட்டையிடம் போனார். “இடத்தை மாத்தினது யாரு?”

“நாங்கதான்.”

“ஏன்?”

“டீச்சர் தண்ணி குடிக்க மாட்டேன்னாங்க. வெளிய போனா கழிப்பறை இருக்குமோ இருக்காதோன்னு பயம். அதனால ஒரு வாரமா குடிக்கிறதைக் குறைச்சுட்டாங்க. புதன்கிழமை நான் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தேன். கழிப்பறைக்கு மூணு படி. சனிக்கிழமை பதினோரு மணிக்குத்தான் திறப்பாங்களாம். மத்தவங்களைக் கேட்டேன். அவங்க பாக்குற கட்டில்கள்லயும் ரெண்டு மூணு பேரு இதே மாதிரி குடிக்காம இருக்காங்கன்னு தெரிஞ்சுது. நூலகத்துல கழிப்பறை அகலம், படி இல்ல. நூலகர்கிட்ட கேட்டோம். சிஸ்டர்கிட்ட புது இடத்துக்குக் கையெழுத்து வாங்கினோம். அவ்வளவுதான்.”

நூல்கண்டு சார் மனைவியைப் பார்த்தார். சிஸ்டர் பார்வையைத் திருப்பவில்லை.

“உனக்குத் தெரியும்.”

“தெரியும். என்கிட்ட கேட்டாங்க, போட்டேன். உங்ககிட்ட சொல்றது அவங்க வேலை. முயற்சி பண்ணாங்களாமே.”

மதிப்பீட்டாளரின் படிவத்தில் ‘நிகழ்ச்சித் தலைவர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. “இங்க தலைவர் யாரு?” என்று பொதுவாகக் கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு குழுத் தலைவர்களில் மிஞ்சியிருந்த பதினோரு பேரும் அங்கேதான் இருந்தார்கள். “எதுக்குத் தலைவர் மேடம்?” என்றான் மைக். “நாலாம் நம்பருக்குன்னா நான். தண்ணிக் கணக்கு பாக்குறது அவன். கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போற வரிசை அந்தப் பொண்ணு. எது வேணும்னு சொல்லுங்க, ஆளைச் சொல்றேன்.”

மதிப்பீட்டாளர் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் அதைக் குறுக்கே அடித்துவிட்டார். பிறகு நூல்கண்டு சாரை நூலக மாடிப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

“நான் இந்த வருஷம் பத்தொன்பது பயிற்சியைப் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் பிள்ளைங்க நல்லா பேசினாங்க. என்ன வேலைன்னு கேட்டா பேச்சுதான் வேலை. இங்க ஒரு பொண்ணு கழிப்பறைக்கு எத்தனை படின்னு எண்ணிட்டு வந்திருக்கா. இது உங்க பயிற்சியில எந்தப் பகுதியில வந்தது? அந்த மூணு சனிக்கிழமை நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

இப்படியொரு கேள்விக்காகவே அவர் பதினான்கு வருஷமாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார். பங்கேற்பு அணுகுமுறை இருந்தது. அனுபவவழிக் கற்றல் இருந்தது. திட்டமிட்ட விலகல் என்று அந்த நிமிஷமே புதிதாக ஒன்றுகூட முளைத்தது. கேட்க நன்றாகவும் இருந்தது. ஆனால் நாலடி தூரத்தில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நேர்மைக்குச் சில நேரம் இப்படி ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

“வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன்” என்றார்.

“மூணு நாளுமா?”

“ஒருநாள் எழுந்து உள்ள போனேன். வெளிய அனுப்பிட்டாங்க.”

மதிப்பீட்டாளர் முதல் தடவையாகச் சிரித்தார். “நிறுத்தணும்னு எழுத எனக்குக் காரணம் இல்ல. அடுத்த வருஷமும் நடக்கட்டும்னு எழுதுவேன். ஆனா உங்க வகுப்பு பாதியாகணும். மீதிப் பாதி நிஜமான இடத்துல நிஜமான வேலை. ஆளுக்கு ஒரு பொறுப்பு. அவங்க வரலைன்னா யாராவது ஒருத்தருக்குக் குறையணும், அப்படிப்பட்ட பொறுப்பு. தப்புப் பண்ணா அவங்களே சரி பண்ணட்டும். அப்புறம் அந்தக் குழுவை முதல்ல திறந்து விடுங்க. இதுக்கெல்லாம் ஒத்துக்கிறீங்களா?”

ஒத்துக்கொண்டார். வேலை தப்பியது. எதையும் செய்யாமல் இருந்த மூன்று நாட்கள்தான் பதினான்கு வருஷ உழைப்பைக் காப்பாற்றின என்பது எந்த மனிதனுக்கும் லேசில் ஜீரணமாகிற விஷயமில்லை. அவர் கைபேசியை எடுத்து, நூலகப் படியில் உட்கார்ந்து, குழுவை எல்லாரும் எழுதலாம் என்று மாற்றினார். ஒரு நிமிஷத்துக்குள் மணி அடிக்கிற மாதிரி பதினாறு செய்தி வந்து விழுந்தது. பாதி டிரைவரின் நாற்காலிப் படங்கள். ஒன்று அவருடையது: உயர்த்திய கையோடு, வாய் திறந்தபடி. கீழே ஒருத்தன் ‘வருக வருக’ என்று எழுதியிருந்தான்.

திரும்பும் நேரம் நெட்டை பைகளைச் சரிபார்த்துக்கொண்டே அவரிடம் வந்தாள்.

“சார், நாளைக்கு எனக்குக் கடையில காலை வேலை. ஏழாம் நம்பருக்கு மைக் இருக்கான். பதினொண்ணுக்கு ஆள் இல்ல. அவருக்கு நகம் வெட்டணும், நாலு நாளா கேட்டுட்டிருக்காரு. நீங்க ஆறரைக்கு வந்துடுங்க.”

“நானா? பயிற்சிதான் முடிஞ்சு போச்சே.”

“அவரு நகத்துக்கு அது தெரியாது சார்” என்றாள். அவர் பதில் சொல்லக் காத்திருக்காமல் அடுத்த பைக்குப் போய்விட்டாள். அவர் பட்டியலில் ‘வளர வேண்டும்’ என்று இருந்த பெண்.

மறுநாள் காலை அவர் போனபோது ஆறு நாற்பது. சிஸ்டர் வார்டு வாசலிலேயே நின்றார்.

“பத்து நிமிஷம் லேட். அந்தப் பொண்ணு ஒருநாளும் லேட்டா வந்ததில்ல.”

“பஸ்…”

“அவளும் பஸ்லதான் வர்றா.” கையில் ஒரு வெதுவெதுப்பான தண்ணீர்ப் பேசின், துண்டு, நகவெட்டி. “இவருக்குச் சர்க்கரை இல்ல, அதனாலதான் உங்ககிட்ட விடறேன். மொதல்ல ஊற வைங்க. நேரா வெட்டுங்க. ஓரத்தைத் தோண்டாதீங்க.”

பதினொன்றாம் நம்பர்க்காரர் தலையணையில் சாய்ந்தபடி புதிய ஆளை மேலும் கீழும் பார்த்தார். “அந்தப் பொண்ணு எங்க?”

“இன்னிக்கு அவங்களுக்கு வேலை. நான் இளைஞர் மையத்துல தலைமைப் பயிற்சி…”

“தண்ணி ஆறுது” என்றார் கிழவர்.

நூல்கண்டு சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிழவரின் வலது காலைப் பேசினுக்குள் வைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டார். பிறகு துண்டால் ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்தார். இரண்டாவது விரலில் கொஞ்சம் கோணிவிட்டது. கிழவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மடியில் வைத்தார். நூல்கண்டு சார் அந்த நகத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, மூன்றாவதற்குப் போனார்.